வெள்ளெழுத்து போன கதை

ரெண்டு மாதமாய் ஒன்றும் எழுதவில்லை. குசினியில் ஒருத்தன் வேலையை விட்டுப் போனதில் அவனுடைய வேலையும் என் தலையில். வீட்டுக்கு வந்தால் கட்டில்தான் கண்ணுக்குத் தெரியும்.

போன கிழமை வேலை செய்யிற இடத்தில் ஒரு அண்ணை கேட்டார், "தம்பி, உன்னட்டைக் கண் பாக்கிற மிசின் ஒண்டு இருக்காம். ஒருக்காத் தருவியோ?" என்று. அந்த மிசினைப் பற்றி எழுதவேணும் என்று கனநாளாய் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதால் இன்றைக்கு எழுதுகிறேன்.

2022 ஒக்ரோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. ரொறன்ரோ நகர மத்தியில் ஒரு இத்தாலியன் ரெஸ்ரோரண்ட். ஓடர்கள் சின்ன மிசினில் இருந்து துண்டு துண்டாய் வந்து விழும். அதை இழுத்துக் கம்பியில் கொழுவிவிட்டுச் சமைக்கவேணும். அந்தத் துண்டின் கடைசி வரியில் 'கொட்டைகள் கூடாது, அலர்ஜி' என்று இருந்திருக்கிறது. நான் அதை வாசிக்கவில்லை. வாசிக்கவில்லை என்பதைவிட, என் கண்ணுக்கு அது ஒரு சாம்பல் கோடாய்த்தான் தெரிந்தது. பைன் கொட்டை தூவின கோப்பை மேசைக்குப் போக ரெண்டடி இருக்கையில் பரிமாறுகிற பெட்டை கண்டுபிடித்து நிறுத்திவிட்டாள். செஃப் அன்றைக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "கண்ணைக் காட்டு" என்று மட்டும் சொன்னான்.

எனக்கு அப்போது 42 வயது. வெள்ளெழுத்து வருகிற வயதுதான். டொலர் கடையில் வாங்கின வாசிப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அடுப்படி ஆவியில் அது நொடிக்கொருக்கால் மங்கும், எண்ணெய் படியும். கார் ஓடுவதற்கு வேறொரு கண்ணாடி, 2016இல் எடுத்தது, மைனஸ் அரை. அதோடு என் கண் சரித்திரம் முடிந்தது.

கண்ணைக் காட்டு என்று சொல்வது சுகம். ஒன்ராறியோவில் 2004 நவம்பரில் இருந்து, 20 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஆட்களுக்கு வழமையான கண் பரிசோதனைக்கு ஓஹிப் காசு கட்டாது. குறிப்பிட்ட சில வருத்தங்கள் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. நல்ல கொம்பனியில் வேலை என்றால் காப்புறுதி கட்டும். குசினிக்குள் நிற்கிறவனுக்கு யார் கட்டுவது? நூறு டொலருக்கு மேல் பரிசோதனைக்கு, பிறகு கண்ணாடிக்கு, அதற்கு அரைநாள் லீவு வேறு.

அந்த நேரத்தில்தான் இன்ரர்நெற்றில் இந்தக் கருவியைக் கண்டேன். கையடக்கமான ஒரு குழாய். போனின் திரையில் பொருத்திவிட்டு ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்க்கவேணும். உங்கள் கண்ணாடி நம்பரை நீங்களே வீட்டில் இருந்து எடுக்கலாம் என்று போட்டிருந்தது. விலை பரிசோதனைக் காசிலும் பாதிக்குக் குறைவு. பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்பது போகப்போக விளங்கும்.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானபீடத்தில் இரண்டு வருடம் படித்தவன். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு படிப்பும் பூட்டுப்பட்டது. பட்டம் இல்லாவிட்டாலும் ஒளியியல் ஞாபகத்தில் இருக்கிறது. ஆகவே வாங்கமுதல் இதன் அடி நுனியைத் தேடி வாசித்தேன். இந்த யோசனை 2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி ஊடக ஆய்வுகூடத்தில் இருந்து வந்திருக்கிறது. ரமேஷ் ரஸ்கார் என்ற இந்தியப் பேராசிரியரின் குழு, தங்கள் கருவிக்கு நேத்ரா என்று பெயர் வைத்திருந்தது. ஆஸ்பத்திரி மிசின் கண்ணுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருகிற வெளிச்சம் எப்படிக் கோணியிருக்கிறது என்று அளக்கும். இவர்கள் அதைத் தலைகீழாய்ப் போட்டார்கள். போன் திரையில் ரெண்டு கோடு காட்டி, அவை ஒன்றாய்ச் சேருமட்டும் பொத்தானை அமத்து என்று ஆளிடமே கேட்கிறது. பழுதில்லாத கண்ணுக்குச் சேர்ந்து தெரியவேண்டிய இடத்தில் பழுதான கண்ணுக்கு விலகித் தெரியும். எவ்வளவு தூரம் நகர்த்திச் சேர்த்தீர்கள் என்பதுதான் உங்கள் வில்லையின் வலு. சராசரி வழு அரை டயொப்ரருக்கு உள்ளே என்று அந்தக் குழு எழுதியிருந்தது. ஏ.எல் பௌதிகவியல் செய்முறையில் ஊசிகளை ஒரே கோட்டில் கொண்டுவருவோமே, ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதுதான்.

அரை டயொப்ரர் என்பது சின்னக் கணக்கில்லை, கண்ணாடிகள் கால் கால் டயொப்ரராய்த்தான் விற்கப்படுகின்றன. ஆனால் ஒரே ஆளை ரெண்டு கண் டொக்டர்கள் பார்த்தாலும் கால், சிலவேளை அரை வித்தியாசம் வரும். 'இது வடிவாய்த் தெரியுதா, அது வடிவாய்த் தெரியுதா' என்று கேட்கும்போது நாங்கள் குத்துமதிப்பாய்த்தானே சொல்கிறோம்?

பார்சல் வந்தது. ரெண்டு கோடு, ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. பொத்தானை அமத்த அமத்தக் கிட்டவரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மஞ்சள். போனைத் திருப்பித் திருப்பி வேறுவேறு கோணத்தில் இதைச் செய்யவேணும். முதல் நாள் என் கை நடுங்கினதில் கண்ட கண்ட நம்பர் எல்லாம் வந்தது. நாலைந்து நாள் பழகினபிறகு ஓரளவு சீராய் வந்தது. வலது கண் மைனஸ் முக்கால், இடது மைனஸ் ஒன்று. பழைய கண்ணாடியில் இருந்து கொஞ்சம்தான் கூட. ஆறு வருடத்துக்கு இது பரவாயில்லை என்று நினைத்தேன்.

கருவி குசினிக்கும் போனது. இடைவேளையில் பின்கதவடியில் பால் பெட்டியைக் கவிட்டு வைத்து அதன்மேல் இருந்து ஆளாளுக்குப் பார்த்தோம். கோப்பை கழுவுகிற பிலிப்பீன்ஸ் பெடியனிடம் அந்த வருடம் எடுத்த கண்ணாடித் துண்டு இருந்தது. கருவி சொன்னதும் துண்டில் இருந்ததும் கால் வித்தியாசத்துக்குள். பேஸ்ற்றி செய்கிற மனுசிக்கு உருளைப் பிழை அதிகம், அவவுக்கு அச்சுக் கோணம் ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. அந்தக் கோணத்தை வைத்துக் கண்ணாடி செய்திருந்தால் மாவையும் சீனியையும் மாறிப் போட்டிருப்பா.

இனித்தான் என் கதை. நான் கிழமைக்கொருக்கால் அளந்து, பழைய ஓடர்ப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். நவம்பர் தொடக்கத்தில் மைனஸ் முக்கால். மாதக் கடைசியில் ஒன்றேகால். டிசம்பர் நடுவில் ஒன்றேமுக்கால். வருடம் பிறக்க ரெண்டேகால். ஒரே இருப்பில் மூன்றுதரம் அளந்தால் கால் அங்காலை இங்காலை சிதறும். அது எழுமாற்று வழு, அப்படித்தான் இருக்கும். ஆனால் எழுமாற்று வழு ரெண்டு பக்கமும் சிதறவேணும். இது ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தது.

விஞ்ஞானபீடத்துக் குணம் விடுமா? கருவி பழுதோ என்று பார்க்க அந்தப் பிலிப்பீன்ஸ் பெடியனையும் கிழமைக்கிழமை அளந்தேன். அவனுக்கு மைனஸ் மூன்றேகால், எல்லாக் கிழமையும் மைனஸ் மூன்றேகால். கருவி ஒன்றே, போன் ஒன்றே, வெளிச்சம் ஒன்றே. அவன் மாறவில்லை, நான் மாறுகிறேன். இதைவிட நல்ல கட்டுப்பாட்டுப் பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் செய்யமுடியாது. முதலாம் வருடப் பெடியனிடம் இந்த அட்டவணையைக் கொடுத்தால், பழுது கருவியில் இல்லை, அந்த ஆளில் என்று எழுதிப் புள்ளி எடுப்பான்.

நான் எழுதினது என்ன தெரியுமா? கிட்டத்தில் எதையோ பார்க்கிறோம் என்று நினைத்துக் கண் தானாய்க் குவிந்துவிடும், அதனால் குழாய்க் கருவிகளில் மைனஸ் கூடிக் காட்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். அது உண்மையான விசயம்தான். அதைப் பிடித்துக்கொண்டு, வேலைக் களைப்பில் என் கண் அப்படிச் செய்கிறது என்று முடிவுகட்டி, எல்லா நம்பரையும் கூட்டிப் பிரித்துச் சராசரி எடுத்தேன். மைனஸ் ஒன்றரை. மனுசி மகளின் பள்ளிக்கூட அடிமட்டத்தால் ரெண்டு கண்மணிக்கும் இடைத்தூரத்தை அளந்தா. ஒன்லைனில் கண்ணாடி ஓடர் பண்ணினேன், கப்பல் செலவோடு நாற்பது டொலர் வரவில்லை. அது வந்தபோது தூரத்து எழுத்து கொஞ்சம் தெளிவாய்த்தான் இருந்தது. அடுத்த கிழமை தெளிவில்லை.

ஏன் எனக்குச் சந்தேகம் வரவில்லை? காரணம் இருக்கிறது. டிசம்பர் அளவில் என் வெள்ளெழுத்துப் போய்விட்டது! குசினியில் டொலர் கடைக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஓடர்த் துண்டின் கடைசி வரி வரைக்கும் வெறுங்கண்ணால் வாசித்தேன். "வயசு திரும்புது" என்று மனுசியிடம் பெருமை அடித்தேன். செஃப்கூட என்னைக் கண்ணால் வம்பு பண்ணுவதை நிறுத்திவிட்டான்.

கணக்குத் தெரிந்தவனுக்கு இதில் அதிசயம் இல்லை. மைனஸ் ரெண்டு என்றால், ஒன்றை இரண்டால் பிரித்தால் அரை மீற்றர். அரை மீற்றரில் இருக்கிற பொருள் எந்த முயற்சியும் இல்லாமல் தெளிவாய்த் தெரியும். ஓடர்த் துண்டு தொங்குகிற தூரம் அதுதான். தூரப்பார்வை கெட்டதால் கிட்டப்பார்வை நல்லாயிருந்தது. கணக்கு தெரிந்திருந்தும் நான் சந்தோசப்பட்டேன்.

அதே காலத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து லீற்றர் தண்ணி குடித்தேன், அடுப்படி வெக்கை என்று சொல்லிக்கொண்டு. இரவில் மூன்றுதரம் எழும்பினேன், தேத்தண்ணிதான் காரணம் என்று. காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. "நல்லா மெலிஞ்சிட்டீங்கள்" என்று மனுசியும் சந்தோசப்பட்டா. வாசிக்கிற உங்களுக்கு இவ்வளவில் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

2023 மார்ச்சில் நெடுஞ்சாலையில் வெளியேறுகிற பலகையை வாசிக்கமுடியாமல் ரெண்டு தரம் பாதையைத் தவறவிட்டேன். பக்கத்தில் இருந்த மகள், "அப்பா, இனி நான் உங்கட கார்ல வரமாட்டன்" என்றாள். அடுத்த கிழமை காசைக் கட்டிக்கொண்டு கண் டொக்டரிடம் போனேன்.

எங்கள் பிள்ளைதான், இங்கே பிறந்தவள், முப்பது வயது இருக்காது. நான் ஓடர்ப் புத்தகத்தைக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், வீட்டில ஆருக்கும் டயபிற்றிஸ் இருக்கா?"

"அப்பாவுக்கு" என்றேன். சொன்ன கையோடு எனக்கு அடிவயிறு கலங்கியது.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாவற்குழிச் சனநெரிசலில் அப்பாவின் கண்ணாடி விழுந்து மிதிபட்டுப் போனது. பிறகு மூன்று வருடம் செத்துப்போன ஒரு பக்கத்துவீட்டு ஐயாவின் கண்ணாடியைத்தான் போட்டார். பேப்பரை முகத்தோடு ஒட்டிவைத்து வாசிப்பார். அவருக்குச் சலரோகம் என்று தெரியும், குளிசையும் கிடைத்தால் போடுவார். ஆனால் பார்வை மங்கிக்கொண்டு போனதுக்கு அடுத்தவரின் கண்ணாடிதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். கடைசியில் ஒரு கண் முழுதாய் இருண்டபிறகுதான், அது கண்ணாடிப் பிழை இல்லை, சீனி உள்ளே விழித்திரையைத் தின்றிருக்கிறது என்று யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அவருடைய மகன் நான் நாலுமாதமாய்க் கருவியைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்தாள். படம் எடுத்துத் திரையில் காட்டினாள். விழித்திரையில் குத்தூசியால் குத்தின மாதிரி ரெண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள், மெல்லிய இரத்தக்கசிவு. தொடக்கம்தான், இதால் பார்வை இன்னும் கெடவில்லை என்றாள். ஆச்சரியம் என்னவென்றால் கண்ணாடி நம்பரை எழுதித்தர மறுத்துவிட்டாள். இரத்தத்தில் சீனி ஏறினால் கண்ணின் வில்லை தண்ணியை இழுத்து ஊதும், வலு மாறும், நம்பர் கிழமைக்கொன்றாய் நிற்கும். "இப்ப நான் எழுதித் தாற நம்பரும் உங்கட மிசின் மாதிரித்தான் அங்கிள், ரெண்டு கிழமைக்குத்தான் சரியா இருக்கும். முதல் சுகர பாருங்கோ."

குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்தார். வெறுவயிற்றில் 17, மூன்றுமாதச் சராசரி 11 வீதத்துக்கு மேல். மெட்போமின் தொடங்கினார்கள். சோற்றின் கதை இங்கே வேண்டாம், அதுக்குத் தனியாய் அழவேணும்.

குளிசை வேலைசெய்யத் தொடங்க, கண் மற்றப் பக்கம் ஓடியது. மூன்று கிழமைக்குள் ஓடர்த் துண்டு திரும்பவும் சாம்பல் கோடு. வெள்ளெழுத்து வந்துசேர்ந்துவிட்டது. இந்தமுறை நான் அதை இரண்டு கொப்பியில் எழுதினேன், ஒன்றில் விரல் குத்தி எடுத்த சீனி நம்பர், மற்றதில் கருவியின் கண் நம்பர். சீனி இறங்க இறங்க மைனஸும் இறங்கியது. மே கடைசியில் மைனஸ் முக்காலுக்கும் அரைக்கும் இடையில் வந்து அசையாமல் நின்றது. கண் டொக்டர் ஜூனில் அளந்தபோது வலது மைனஸ் அரை, இடது மைனஸ் முக்கால். கால் வித்தியாசம்! கருவி முதல்நாளில் இருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால்தான் அவர்கள் மேல் கோபம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். கருவி எவ்வளவு துல்லியம் என்று கேட்டால், சாதாரணக் கண்ணுக்குப் போதுமான துல்லியம், உருளைப் பிழை கூடினால் நம்பவேண்டாம் என்பேன். ஆனால் அது கேட்கிற கேள்வி ஒன்றுதான், கோடு சேருதா இல்லையா என்று. ஏன் சேரவில்லை என்று கேட்காது. கண்ணுக்கு உள்ளே அது எட்டியும் பார்ப்பதில்லை. கண் அமுக்கம் கூடி நரம்பு செத்துக்கொண்டு இருந்தாலும், நம்பர் மாறாவிட்டால் எல்லாம் சரி என்றுதான் காட்டும்.

இப்படியான கருவியே கூடாது என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. இந்தியாவில் கிராமப்புறத்தில் 708 பேரில் ஒரு ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டிருந்தார்கள். 1976இல் மதுரையில் 11 கட்டிலோடு தொடங்கின அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரரும் அதில் சேர்ந்திருந்தார்கள். அது தனக்குத்தானே பார்க்கிற கருவி இல்லை, இன்னொருவர் கையில் பிடித்து அளக்கிற மிசின். மிசின் சொன்ன வில்லையையும் ஆள் பார்த்துச் சொன்ன வில்லையையும் மாறிமாறிப் போட்டுக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். மொத்தத்தில் ஆள் சொன்னதற்குக் கொஞ்சம் கூட ஆதரவு. 40 வயதுக்கு உட்பட்டவர்களில் அந்த வித்தியாசமும் இல்லை. ஊரில் கண் டொக்டரே இல்லாத இடத்துக்கு இது பெரிய விசயம். ஆனால் அரவிந்தின் கிராமத்து நிலையங்களில் அளக்கிற பிள்ளைக்குப் பின்னால், கணினியில் ஒரு டொக்டர் இருக்கிறார். சந்தேகம் என்றால் அவர் கேட்பார், அப்பாவுக்குச் சீனி இருக்கா என்று. எனக்குப் பின்னால் பால் பெட்டிதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேணும். சலரோகம் என்று பதிந்தபிறகு எனக்கு வருடத்துக்கொரு கண் பரிசோதனை ஓஹிப் கணக்கில் இலவசம். வருத்தம் வந்தபிறகு சும்மா பார்ப்பார்கள், வருத்தத்தைக் கண்டுபிடித்த அந்தப் பார்வைக்கு நான் காசு கட்டினேன். (இரத்தப் பரிசோதனை எப்போதும் இலவசம்தான், போகாதது என் பிழை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்த இலவசமும் லேசுப்பட்டதில்லை. 2021 செப்ரெம்பரில் இருந்து நவம்பர் வரைக்கும், அரசாங்கம் தருகிற காசு கட்டாது என்று ஒன்ராறியோக் கண் பரிசோதகர்கள் ஓஹிப்காரரைப் பார்க்க மறுத்திருந்தார்கள். பிள்ளைகள், வயது போனவர்கள், சலரோகக்காரர் எல்லாரும் காத்திருந்தார்கள். என் வருத்தம் ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் நானும் அந்த வரிசையில்.

அண்ணைக்குக் கருவியைக் கொடுத்தேன். அடுத்தநாளே திருப்பிக் கொண்டுவந்தார். "என்ன கோதாரியோ, ஒரு நாளைக்கு ஒண்டு காட்டுது தம்பி. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு."

"சீனி பாத்தனீங்களோ அண்ணை?"

"போன வருசம் பாத்தது. போடரில நிக்குது எண்டவங்கள்."

வாற செவ்வாய்க்கிழமை எனக்கு வருடாந்தக் கண் பரிசோதனை. அவருக்கும் அதே இடத்தில் நேரம் எடுத்துவிட்டேன், போடரில் நிற்கிறவருக்கு ஓஹிப் கட்டாது, அவர் காசு கொடுக்கவேணும். ரெண்டு பேருக்கும் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். மனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை.